சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு வரும் தோல் புற்றுநோய்: மருந்து மாற்றியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்களேன்

வணக்கம். என் அண்ணனுக்குச் சிறுநீரகம் மாற்றி 11 வருடம் ஆகிறது. புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்காமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளான டாக்ரோலிமஸ், அசாதயோப்ரின், பிரெட்னிசோலோன் மூன்றும் சாப்பிடுகிறார். சில வருடங்களாகப் புறங்கை இரண்டிலும் மருக்கள். பாப்பிலோமா வைரஸால் வருவது, எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து வைத்திருப்பதால் எளிதில் போகாது என்றார்கள். சரி, மருதானே என்று விட்டுவிட்டோம்.

போன மாதம் அதில் ஒன்று மட்டும் தடித்து, துண்டு பட்டாலே ரத்தம் கசிந்தது. பக்கு கட்டும், இரண்டே நாளில் மறுபடி கசியும். பயாப்ஸியில் செதிள் செல் புற்றுநோய் (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) என்று வந்தது. முழுவதும் வெட்டி எடுத்தாயிற்று. ஆனால் இவரைப் போன்றவர்களுக்கு அடுத்தடுத்து வரலாமாம். வெயிலில் சேதமான செல்லை அழியவிடாமல் இந்த வைரஸ் காப்பாற்றிவிடுகிறது என்று கருதுகிறார்கள். அசாதயோப்ரினோ தோலை வெயிலுக்கு இன்னும் பலவீனமாக்கும். இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

இப்போது அசாதயோப்ரினை நிறுத்தி, டாக்ரோலிமஸுக்குப் பதில் சிரோலிமஸ் என்ற வேறொரு எதிர்ப்புச் சக்திக் குறைப்பு மருந்து தரலாம் என்கிறார் மருத்துவர். அப்படி மாறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வாய்ப்புண், கால் வீக்கம், சிறுநீரில் புரதம் எல்லாம் எந்த அளவுக்கு வந்தது? மருக்கள் குறைந்ததா? தோல் பரிசோதனைக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை போகிறீர்கள்?

அப்புறம், தோல் புற்றுநோய் மறுபடி வராமல் தடுக்க நிகோடினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம்) மாத்திரை பற்றிச் சிலர் சொன்னார்கள். உறுப்பு மாற்றியவர்களிடம் நடத்தி 2023-இல் வெளியான ஆய்வில் அது பலன் தரவில்லை, அதனால் அது வேண்டாம். அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கிறோம், அதற்குள் எழுதினால் பெரிய உதவி.