ரிசர்வ் சைட் தோட்டம்: 12 பேருக்கு ஆறு வாரத்தில் கைத்தொழில் பழக்க முடியுமா?

பூவரசு:
கோவை, கரிசல் மண், 10 சென்ட் ரிசர்வ் சைட் (மனைப்பிரிவில் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய இடம்). பத்து மேட்டுப்பாத்தியும் சொட்டுநீரும் போடுவதாகக் குடியிருப்போர் சங்கத்தில் முடிவாகியிருக்கிறது. வேலைக்கு 18 முதல் 22 வயதுக்குள் 12 பேர். பிளஸ் டூ முடித்தவர்கள், ஐந்து பேர் பெண்கள். தினம் 4 மணி நேரம், தினப்படி உண்டு. மண் சுமந்ததோடு நிற்காமல், வெளியே போய்ச் சம்பளம் கேட்கும் அளவுக்கு என்ன பழக்கலாம்?

நூல்மட்டம்:
மூன்று மூன்று பேராக நாலு குழு பிரியுங்கள். நூல் கட்டுவதில் தொடங்கித் தண்ணீர் விடுவது வரை ஒரு பாத்தியை ஒரே குழு முடிக்கட்டும். ஒருவர் நூல், ஒருவர் கலவை என்று பிரித்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆள் தேறமாட்டார்.

உள்ளளவு 4×10 அடி. அகலம் அதற்கு மேல் போனால் கை நடுவுக்கு எட்டாது. 6 அங்குல ஹாலோ பிளாக் வைத்தால் வெளியளவு 5×11. மூலைமட்டத்தை மட்டும் நம்பாமல் மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடிக்கச் சொல்லுங்கள். 12 அடி 1 அங்குலம் வரணும். இரண்டு குறுக்குக்கும் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நூலை அவிழ்த்து மறுபடி கட்டணும். 16 அங்குலக் கல் வரிசைக்கு எத்தனை என்று அவர்களே கணக்குப் போடட்டும். மூலையை இரண்டு தடவை எண்ணி 24 என்பார்கள். கலவை இடைவெளியோடு 22தான்.

கரிசல் வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். நேரே கல் வைத்தால் மூலை பிளந்துவிடும். 9 அங்குலம் தோண்டி, 6 அங்குலம் கிராவல் கொட்டித் தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து, மேலே 3 அங்குலம் 1:4:8 (சிமென்ட், மணல், ஜல்லி) கான்கிரீட். கீழ்வரிசையில் தண்ணீர் வடிய மூன்றடிக்கு ஒரு இணைப்பைக் கலவை இல்லாமல் விடுங்கள், இல்லாவிட்டால் வேர் அழுகும். ஓர் அடி உயரத்துக்கு நிரப்பப் பத்துப் பாத்திக்கும் 4 யூனிட் (யூனிட் 100 கன அடி) மண்கலவை. அமுங்கும், 5 சொல்லுங்கள்.

குழாய்ச்சாவி:
வெளியே உடனே காசாகிற வேலை சொட்டுநீர்தான். பாத்திக்கு 16 மி.மீ. இன்லைன் (உள்ளேயே சொட்டுத்துளை வைத்த குழாய்) மூன்று வரிசை, 30 செ.மீ.க்கு ஒரு துளை, மணிக்கு 2 லிட்டர். பிவிசி வெட்டு நேராக இருக்கணும், பிசிறை அரத்தால் எடுக்கணும். சால்வென்ட் தடவிக் கால் சுற்றுத் திருப்பி அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்காவிட்டால் குழாய் தானே பின்னால் நழுவும். மறுநாள்தான் தண்ணீர் விடணும்.

முதலில் குழாய் முனையின் எண்ட் கேப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரை ஓட விடுங்கள். குழாயில் துளையிட்டபோது விழுந்த பிளாஸ்டிக் சுருள் எல்லாம் உள்ளேதான் கிடக்கும். அதை மறந்துவிட்டு, துளை அடைத்ததும் ஃபில்டரைத்தான் குறை சொல்வார்கள்.

பிறகு அளவு: வரிசையின் தலை, நடு, கடைசித் துளைகளின் கீழ் டம்ளர் வைத்து 3 நிமிஷம் பிடித்தால் 100 மி.லி. வரணும். தலையில் 100, கடைசியில் 60 என்றால் எங்கே கசிகிறது, எங்கே மடங்கியிருக்கிறது என்று அவர்களே தேடட்டும். பயிற்சியே இந்தத் தேடல்தான்.

பூவரசு:
தொட்டி 10 அடி ஸ்டாண்டில்தான் இருக்கிறது. மோட்டார் தனியாக வேண்டுமா?

குழாய்ச்சாவி:
10 அடிக்குச் சதுர செ.மீ.க்கு 0.3 கிலோ பிரஷர்தான் கிடைக்கும். 100க்குப் பதில் 55 மி.லி. சுமாராக வரும். எல்லாத் துளையிலும் ஒரே அளவு வந்தால் நேரத்தை இரட்டிப்பாக்கினால் போதும், மோட்டார் வேண்டாம். பிரஷர் காம்பென்சேட்டிங் (பிரஷர் மாறினாலும் ஒரே அளவு சொட்டும்) வகை மட்டும் வாங்காதீர்கள், இந்தப் பிரஷரில் சரியாக வேலை செய்யாது. போர் தண்ணீர் உப்பு என்றால் வெள்ளைப் படிவு வரும். ஆசிட் கழுவலுக்குத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கணும். ஆசிட்டைத் தண்ணீரில் ஊற்றணும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக்கூடாது.

மரமல்லி:
சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் 'சிறப்பாகப் பணியாற்றினார்' என்ற கடிதத்தை ஒப்பந்தக்காரர் புரட்டிக்கூடப் பார்க்கமாட்டார். ஆளுக்கு ஒரு நோட்டு போடுங்கள்: தேதி, வேலை, எடுத்த அளவு, வந்த பழுது, சரிசெய்த விதம், மேற்பார்த்தவர் கையெழுத்து. 'பாத்தி 7, வரிசை 2, கடைசித் துளை 60 மி.லி., டேக்-ஆஃப் கிரோமெட் (கிளைக்குழாய் பிரியும் இடத்து ரப்பர் வளையம்) கசிவு, மாற்றியபின் 95' என்று ஒரு வரி இருந்தால் அதைத்தான் கேள்வி கேட்பார். பதில் சொல்லத் தெரிந்தால் வேலை. இந்திய வேளாண் திறன் கவுன்சிலில் தோட்டக்காரர் பணிக்குத் தகுதித் தரம் உண்டு. முன் அனுபவத்தை மதிப்பிடும் ஆர்பிஎல் முறையில் சான்று வாங்கலாமா என்று பக்கத்துப் பயிற்சி மையத்தில் முதல் வாரமே விசாரியுங்கள்.