‘கடன்’ வேண்டாம், ‘இரவல்’ இருக்கிறது: ரஸ்ட் நிரல்மொழியின் ஒரு சொல்லுக்குத் தமிழ்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

இயங்குதளத்தின் மையப் பகுதியான கருவையும், வன்பொருளை இயக்கும் கருவி இயக்கிகளையும் சி மொழியிலேயே தொடர்ந்து எழுதுவதா, ரஸ்டுக்கு மாறுவதா என்பதை விளக்கும் நம் கட்டுரை ஒரே ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறது. ரஸ்டில் ‘பாரோ’ (borrow) எனப்படுவதற்குக் ‘கடன்’ என்று சென்ற மடலில் நண்பர் ஒருவர் முன்மொழிந்திருந்தார். எளிய சொல்தான், ஆனால் பொருள் பிசகுகிறது.

நூறு ரூபாய் கடன் வாங்கியவர் அதே தாளையா திருப்பித் தருகிறார்? வாங்கியதைச் செலவழித்துவிட்டு, ஈடாக வேறொன்றைத் தருகிறார், கைமாற்றும் அப்படித்தான். ரஸ்டின் ‘பாரோ’வில் தரவின் உடைமை கைமாறுவதே இல்லை. நிரலின் இன்னொரு செயற்கூறு அத்தரவுக்கான சுட்டியை, அதாவது தரவு இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பை, சிறிது நேரம் பெற்றுப் பயன்படுத்துகிறது. அதன் வேலை முடிந்ததும் உடையவர் அதே தரவை முன்போலக் கையாளலாம். பக்கத்து வீட்டு ஏணியை வாங்கிவந்து, அந்த ஏணியையே திருப்பிக் கொடுப்பதற்கு நம் தெருவில் ‘இரவல்’ என்றுதான் பெயர். ‘ஓனர்ஷிப்’ என்பதற்கு ‘உடைமை’யை முன்பே ஏற்றுக்கொண்டோம். அதனோடு ‘இரவல்’ இயல்பாகப் பொருந்துகிறது.

ரஸ்டில் இரவல் இரு வகைப்படும். இராயபுரத்துத் தேநீர்க் கடைக்கு வரும் செய்தித்தாளை ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் எட்டிப் பார்த்துப் படிக்கலாம். எவரும் அதில் எழுதக் கூடாது (குறுக்கெழுத்தை ஒருவர் நிரப்பத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பது கடைக்காரருக்குத் தெரியும்). இதைப் ‘பொது இரவல்’ எனலாம். காசிமேட்டில் கிழிந்த வலையைச் சரிசெய்ய ஒருவரிடம் கொடுத்துவிட்டால், அவர் முடிக்கும்வரை உடையவரே ஆனாலும் அதைக் கடலுக்கு எடுத்துச் செல்ல முடியாது. தரவை மாற்ற வாங்குவதும் இத்தகையதே. அது ‘தனி இரவல்’. இவ்விரண்டும் ஒரே நேரத்தில் கலவாமல் காப்பது ‘இரவல் சரிபார்ப்பி’. அது, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரின் ஒரு பகுதி.

நிரல் ஓடத் தொடங்கும் முன்பே இச்சோதனை முடிந்துவிடுவதால், நிரல் ஓடும்போதே பயன்படாத நினைவகத்தைத் தேடி விடுவிக்கும் குப்பை சேகரிப்பான் இல்லாமலே, விடுவித்த நினைவகத்தை மீண்டும் தொடுவது போன்ற பிழைகள் தடுக்கப்படுகின்றன. தன் பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு இவ்வகை நினைவகப் பிழைகளே என்று மைக்ரோசாஃப்ட் 2019இல் அறிவித்ததை நினைத்தால், இச்சொல்லுக்காக இவ்வளவு மெனக்கெடுவது மிகையாகத் தோன்றாது. 2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் இயங்குதளக் கரு 6.1 ரஸ்டுக்கு இடமளித்தது. ரஸ்ட் 1.0 2015 மே மாதம் வந்தது; 2018 முதல், மொழியில் பழையதை உடைக்கும் மாற்றங்களை ‘எடிஷன்’ என்னும் தனிப் பதிப்புகளுக்குள் ஒதுக்கி, பழைய நிரல்கள் தொடர்ந்து இயங்க வழி செய்கிறார்கள். இதற்கு ‘பதிப்பு’ போதும்.

‘இரவல்’ என்பதன் வேர் ‘இரத்தல்’ ஆயிற்றே, குறளில் ‘இரவச்சம்’ என்றே ஓர் அதிகாரம் இருக்கிறதே என்று ஒருவர் மறுக்கக்கூடும். குடை இரவல் கேட்பவரை இன்று யாரும் பிச்சை கேட்பவராக நினைப்பதில்லை; அந்த இழிவு பேச்சுவழக்கில் தேய்ந்துவிட்டது.

எனக்கு இன்னும் பிடிபடாதது, ஒரு சுட்டி செல்லுபடியாகும் காலத்தைக் குறிக்கும் ‘லைஃப்டைம்’. ‘ஆயுட்காலம்’ நேர்ப்பெயர்ப்பாக இருக்கிறது. இரவலுக்குக் ‘கெடு’ என்பது அழகாகப் பொருந்தும்; ஆனால் கெடு முடியும் நாளைச் சுட்டுமே தவிர, சுட்டி செல்லுபடியாகும் காலம் முழுவதையும் சுட்டாது. ‘தவணை’ என்றாலோ மறுபடியும் கடனுக்கே போய்விடுகிறோம். வேறு சொல் தோன்றியவர்கள் எழுதுங்கள்.

அன்புடன்,
இராயபுரத்திலிருந்து