அல்ட்ராசோனிக்கில் கழுவியும் காப்ரேட்டர் சரியாகவில்லை, சோக்கை எடுத்தால் வண்டி அணைகிறது (அவசரம்)

சிப்புட்_பையன்
வணக்கம் அண்ணன்மார்களே. ஆன்லைனில் அல்ட்ராசோனிக் தொட்டி (அதிர்வால் அழுக்கை எடுக்கும் மெஷின்) ஒன்று வாங்கி, மோட்டார் சைக்கிளில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற காப்ரேட்டரைக் கழுவினேன். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கிறது. மாட்டிய பிறகு சோக்கை (குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் விடுவது) போட்டால் ஓடுகிறது, எடுத்தால் உடனே அணைந்துவிடுகிறது. மறுபடியும் கழற்றிக் கழுவிப் பார்த்தேன், அதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு வண்டி வேண்டும். டவுனில் மோட்டார் கடையில் கேட்டால் புது காப்ரேட்டர் போடு என்கிறார்கள். சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

செம்பனை_ரைடர்
என்ன வண்டி தம்பி?

கங்சார்_கரை
வண்டி எது, எவ்வளவு காலம் சும்மா கிடந்தது, தொட்டியில் என்ன ஊற்றினீர்கள், ஜெட்டுகளை (பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையுள்ள பித்தளைத் திருகுகள்) கழற்றினீர்களா, இல்லை முழுசாக அப்படியே போட்டீர்களா? இதில் ஒன்றுகூடச் சொல்லவில்லையே. படம் இருந்தால் போடுங்கள்.

பழைய_ஸ்பேனர்
முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இந்தத் தொட்டியெல்லாம் நகைக்கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் உரியவை. காப்ரேட்டர் என்றால் பெட்ரோலில் ஊறவைத்து, பிரஷ் போட்டு, காற்றடிக்க வேண்டும். எஸ்டேட் வொர்க்ஷாப்பில் அப்படித்தான் செய்தோம், எல்லா வண்டியும் ஓடியது. இப்போதுள்ள பிள்ளைகள் ஸ்பேனர் பிடிப்பதற்கு முன்னால் மெஷின் வாங்கிவிடுகிறார்கள். இந்த மன்றத்தில் இதே கேள்விக்கு நான் பலமுறை பதில் எழுதியிருக்கிறேன், தேடிப் படிக்கலாம்.

ஈப்போ_டூஸ்ட்ரோக்
சோக்கோடு ஓடுகிறது, சோக் இல்லாமல் நிற்கிறது என்றால் பெட்ரோல் குறைவு அல்லது காற்று அதிகம். பைலட் ஜெட் அடைப்பு இல்லையென்றால் காப்ரேட்டரை எஞ்சினோடு இணைக்கிற இன்டேக் ரப்பரில் வெடிப்பு. டூஸ்ட்ரோக் வண்டியாக இருந்தால் கிராங்க் சீலையும் (கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) பார்க்க வேண்டும். என் ஊகம் சீல்தான். வண்டி பெயரைச் சொல்லுங்கள்.

செம்பனை_ரைடர்
தொட்டி எத்தனை வாட்? மூக்குக்கண்ணாடி கழுவுகிற குட்டி டப்பாவா, ஹீட்டர் வைத்த பெரியதா?

சிப்புட்_பையன்
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். யமஹா ஆர்எக்ஸ்-ஸெட், டூஸ்ட்ரோக், அப்பாவுடையது. கொட்டகையில் ரொம்ப நாள் நின்றது. தொட்டி ஹீட்டர் உள்ளதுதான், மேலே 40 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் ஊற்றினேன். கீழ்க் கிண்ணம், மிதவை, மெயின் ஜெட் கழற்றினேன். பைலட் ஜெட் வரவில்லை, இறுகிப் போயிருக்கிறது, அதனால் அப்படியே விட்டேன்.

கங்சார்_கரை
பைலட் ஜெட்டைக் கழற்றாமல் விட்டதில்தான் விஷயமே இருக்கிறது. ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போதும், கொஞ்சமாகத் திறக்கும்போதும் எஞ்சின் குடிக்கிற பெட்ரோல் அந்த ஜெட் வழியாகத்தான் வருகிறது. பாதி திறக்கும்போது காப்ரேட்டர் ஊசி, முழுசாகத் திருகும்போது மெயின் ஜெட். சோக்குக்குத் தனி வழி. அதனால்தான் சோக்கைப் போட்டால் ஓடுகிறது. நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகிப் போய், மிச்சம் பிசினாகக் காய்ந்து முதலில் அடைக்கிற இடம் இந்த ஜெட். துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.

லேப்_அக்கா
நான் பள்ளி லேபில் வேலை செய்கிறேன், இந்தத் தொட்டியைத் தினமும் பயன்படுத்துகிறேன். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் ஏன் சரியாகவில்லை என்பதும் புரியும். 40 கிலோஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 40,000 அதிர்வு. அதில் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் உண்டாகி உடைகின்றன. உடைகிற இடத்தில்தான் அழுக்கு பெயர்கிறது. ஆகவே தண்ணீர் தொடாத இடத்தில் ஒன்றும் நடக்காது. ஜெட் அடைத்திருந்தால் அதற்குப் பின்னால் உள்ள வழியில் காற்று சிக்கிக்கொள்ளும், தண்ணீர் நுழையாது. மேலே மட்டும் பளபளக்கும், உள்ளே பிசின் அப்படியே இருக்கும். தம்பி சொல்வது அதேதான்.

கழுவும்போது காப்ரேட்டரைத் தண்ணீருக்குள் சாய்த்துத் திருப்பி, குமிழி வருவது நின்ற பிறகு தொட்டியை ஓட விடுங்கள். வெறும் தண்ணீரை முதலில் சில நிமிடம் ஓடவிட்டால் அதில் கரைந்திருக்கிற காற்றும் போய்விடும். 50, 60 டிகிரி சூடு போதும். பொருளைத் தொட்டியின் அடியில் நேரே வைக்காதீர்கள், கம்பிக் கூடையில் வைக்க வேண்டும். தண்ணீர் குறைவாக இருக்கும்போது ஓடவிட்டால் மெஷின் போய்விடும்.

தாமான்_மணி
தொட்டியிலேயே பெட்ரோலை ஊற்றி ஓட விடு தம்பி. சோப்பெல்லாம் எதற்கு, பிசின் ஒரே நிமிடத்தில் கரையும்.

லேப்_அக்கா
தயவு செய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். ஹீட்டர் உள்ள, மின்சாரத்தில் ஓடுகிற திறந்த தொட்டி அது. பெட்ரோல் ஆவி கீழே தங்கும், ஒரு சிறு தீப்பொறி போதும். சோப்புத் தண்ணீர் போதாது என்றால் மூடிபோட்ட சின்னக் கண்ணாடிக் குப்பியில் காப்ரேட்டருக்கென்று விற்கிற தண்ணீரில் கலக்கும் கழுவும் திரவத்தை ஊற்றி, குப்பியைத் தொட்டித் தண்ணீரில் நிறுத்துங்கள். அதிர்வு கண்ணாடி வழியாகப் போகும்.

தாமான்_மணி
நாங்கள் பெட்ரோலில்தான் கைகழுவி வளர்ந்தோம், ஒன்றும் ஆகவில்லை.

பழைய_ஸ்பேனர்
மணி, நான் சொன்னது வாளியில் திறந்த வெளியில் ஊறவைப்பது. சூடாகிற தொட்டியில் ஊற்றச் சொல்லவில்லை. இதில் அக்கா சொல்வது சரி. வீட்டில் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தாமான்_மணி
சரி சரி. அப்படியானால் காஸ்டிக் சோடா? அழுக்கு நன்றாகப் போகும்.

லேப்_அக்கா
அதுவும் வேண்டாம். காப்ரேட்டர் உடல் அலுமினியமோ துத்தநாகக் கலவையோதான். காஸ்டிக் சோடா இரண்டையும் அரிக்கும், உடல் கறுத்துப் போகும். புளிக்காடி, எலுமிச்சையும் துத்தநாகத்தை அரிக்கும். சோப்பு மாதிரி மிதமானதே போதும். கழுவிய பிறகு நல்ல தண்ணீரில் அலசி உடனே காற்றடியுங்கள், இல்லாவிட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும்.

சிப்புட்_பையன்
நன்றி அக்கா. பைலட் ஜெட்டை எப்படிக் கழற்றுவது? மேல்வெட்டு கொஞ்சம் தேய்ந்துவிட்டது.

செம்பனை_ரைடர்
வெட்டுக்குள் இடைவெளி இல்லாமல் இறுக்கமாக உட்காருகிற ஸ்க்ரூட்ரைவர் வேண்டும். அதற்குமுன் ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு உடலைச் சுடுதண்ணீரில் வையுங்கள், உடல் விரியும். அப்புறம் துருநீக்கி எண்ணெய் விட்டு இரவு முழுக்க வைத்துவிடுங்கள். காலையில் ஸ்க்ரூட்ரைவரின் தலையில் லேசாகத் தட்டி, அழுத்திக்கொண்டே திருகுங்கள். பித்தளை மென்மையானது, அவசரப்பட்டால் உள்ளேயே உடையும். துளையைக் குத்த ஊசியோ இரும்புக் கம்பியோ வேண்டாம், துளை பெரிதாகிவிடும். மின் வயரில் இருந்து எடுத்த ஒற்றைச் செப்பு இழை சரியாக இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வட்டமாக ஒளி தெரிய வேண்டும்.

கங்சார்_கரை
கையோடு ஏர் ஸ்க்ரூவையும் (காற்றளவைச் சரிசெய்யும் திருகு) எடுங்கள். எடுக்கும் முன்னால் உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவையுங்கள். தெரியாமல் போனால் மெதுவாக முழுசாக மூடிவிட்டு ஒன்றரைச் சுற்று வெளியே வைத்துத் தொடங்கலாம்.

தாமான்_மணி
அணைந்துபோகிறது என்றால் ஸ்க்ரூவை வெளியே எடுத்தால் போதுமே, பெட்ரோல் அதிகமாக வரும். என் வண்டியில் அப்படித்தான் செய்தேன்.

ஈப்போ_டூஸ்ட்ரோக்
இல்லை, ஆர்எக்ஸ்-ஸெட்டில் வெளியே எடுத்தால் காற்று கூடும், இன்னும் மோசமாகும். உள்ளே திருகினால்தான் பெட்ரோல் விகிதம் கூடும்.

தாமான்_மணி
என் வண்டி நான்கு ஸ்ட்ரோக், கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். வெளியே எடுத்தால்தான் நின்று ஓடியது.

பழைய_ஸ்பேனர்
இரண்டு பேரும் சரி, ஆனால் கேள்வியைப் பார்க்காமல் சண்டை போடுகிறீர்கள். ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்தும், உள்ளே திருகினால் பெட்ரோல் விகிதம் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது கலவையைக் கட்டுப்படுத்தும், வெளியே எடுத்தால் கூடும். இது தெரியாமல் கை வைக்கக் கூடாது.

ஈப்போ_டூஸ்ட்ரோக்
ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஆர்எக்ஸ்-ஸெட்டுக்கு நான் சொன்னதுதான்.

கங்சார்_கரை
தம்பி, இன்னொரு விஷயம். பெட்ரோல் டேங்குக்குள் விளக்கடித்துப் பாருங்கள். நின்ற வண்டியில் துரு இருக்கும். எத்தனை தரம் கழுவினாலும் அந்தத் துரு வந்து மறுபடி அடைக்கும். பெட்ரோல் குழாயில் புது ஃபில்டர் போடுங்கள்.

தாமான்_மணி
அதைவிட சீனா காப்ரேட்டர் ஒன்று வாங்கிப் போட்டால் எல்லாம் முடிந்தது. விலை குறைவுதான்.

ஈப்போ_டூஸ்ட்ரோக்
அந்த வண்டி 2011-இலேயே உற்பத்தி நின்றுபோனது. அசல் காப்ரேட்டர் கையில் இருக்கும்போது அதைத் தூக்கிப்போட்டுவிட்டு காப்பி போடச் சொல்வதா? காப்பியில் ஜெட் எண் எழுதியிருக்கும், துளை அதற்கு ஒத்துவராது. டூஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் ஜாம் ஆகிவிடும். அப்புறம் சிலிண்டரைக் கடைகிற போரிங் செலவு யார் கொடுப்பது?

சிப்புட்_பையன்
பைலட் ஜெட் கழன்றுவிட்டது. ஒளி தெரியவில்லை, செப்பு இழை போட்டு, அக்கா சொன்னபடி தொட்டியில் வைத்தேன். இப்போது சோக் இல்லாமல் ஓடுகிறது. ஆனால் ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் சத்தம் உடனே இறங்கவில்லை, உச்சத்திலேயே நின்று மெதுவாகத்தான் இறங்குகிறது. இது சரியா?

ஈப்போ_டூஸ்ட்ரோக்
சரியில்லை. எங்கோ காற்று புகுகிறது. வண்டியை அப்படியே ஓட்டாதீர்கள், ஜாம் ஆகும். எஞ்சின் சூடாவதற்கு முன், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, இன்டேக் ரப்பரைச் சுற்றி டபிள்யூடி-40 ஸ்ப்ரேயை விட்டுவிட்டுக் கொஞ்சம் அடியுங்கள். சத்தம் மாறினால் வெடிப்பு அங்கேதான். மாறவில்லை என்றால் மேக்னெட் (மின்சாரம் உண்டாக்கும் பாகம்) பக்கத்து கிராங்க் சீல். வெள்ளைப் புகையும் கியர் எண்ணெய் குறைவும் இருந்தால் கிளட்ச் பக்கத்து சீல்.

செம்பனை_ரைடர்
ரப்பரைக் கையால் வளைத்தும் பாருங்கள், மேலே நன்றாகத் தெரியும், கீழ்ப் பக்கத்தில்தான் கீறல் ஓடும்.

பழைய_ஸ்பேனர்
2டி எண்ணெய் (டூஸ்ட்ரோக் எஞ்சினுக்கான எண்ணெய்) குழாயை எங்காவது கழற்றியிருந்தால் பம்பில் காற்று நீக்கிவிட்டு ஓட்டுங்கள். எண்ணெய் வரவில்லை என்றால் நாங்கள் சொன்னதெல்லாம் வீண்.

சிப்புட்_பையன்
ரப்பர்தான். கீழ்ப் பக்கம் வெடித்திருந்தது. புதுசு போட்டேன், இப்போது சத்தம் உடனே இறங்குகிறது. எண்ணெய் பம்பையும் பார்த்தேன். அப்பா எடுத்துக்கொண்டு போய்விட்டார். எல்லோருக்கும் நன்றி.

ஈப்போ_டூஸ்ட்ரோக்
ரப்பர் எங்கே வாங்கினீர்கள், அசலா? எனக்கும் ஒன்று வேண்டும்.

கங்சார்_கரை
டேங்கில் துரு இருந்ததா? ஃபில்டர் போட்டீர்களா?

ஈப்போ_டூஸ்ட்ரோக்
தம்பி?