சுண்ணாம்பு மணலில் வெளுக்கும் மல்லிகைக் கொழுந்து: வீணாகும் பொருள்களால் இரும்புச்சத்தை ஈடுகட்ட முடியுமா?

தங்கச்சிமடம் மல்லிகை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்தில் அறுபது சென்ட் மணற்பாங்கான நிலத்தில் மல்லிகை வைத்திருக்கிறேன். பூவோடு பதியன் கன்றுகளும் விற்கிறோம். இரண்டு ஆண்டுகளாகக் கொழுந்திலைகள் வெளுத்து வருகின்றன. நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி முதலில் மஞ்சளாகி, பிறகு தாளைப் போல வெளுத்துவிடுகிறது. அடியிலைகளோ நல்ல பச்சையாகவே இருக்கின்றன. யூரியா இட்டதில் கொடி நீண்டதே தவிர வெளுப்பு குறையவில்லை. மண் பரிசோதனையில் கார அமில நிலை (pH) 8.4 என்றும் சுண்ணாம்பு மிகுதி என்றும் எழுதித் தந்தார்கள். மண்ணை ஒரு கை அள்ளினால் சிப்பித் துணுக்குகளும் பவளப்பாறைத் துணுக்குகளும் கண்ணுக்கே தெரியும்.

எங்கள் ஊரில் வீணாகும் பொருள்களுக்குக் குறைவில்லை. மீன் கழிவு, சிப்பி ஓடு, சீமைக் கருவேல விறகின் சாம்பல், கரையில் ஒதுங்கும் பாசி, படகு பழுது பார்க்கும் இடத்தில் கிடக்கும் துருப்பிடித்த ஆணிகள் என எல்லாமே கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. கன்று வாங்குவோர் இலை நிறத்தைப் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள் என்பதால், இவற்றில் எதைக் கொண்டு இந்தக் குறையைத் தீர்க்கலாம் என்று விவரமறிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், இராமநாதபுரம்

தம்பி, நீங்கள் அடையாளங்களைத் தெளிவாக எழுதியிருப்பதால் விடை சொல்வது எளிதாகிறது. தழைச்சத்தோ மக்னீசியமோ குறைந்தால் முதலில் வெளுப்பது முதிர்ந்த இலை. செடி அவற்றை அங்கிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். இரும்பை அப்படி இடம் மாற்ற முடியாது. ஆகவே கொழுந்து வெளுத்து நரம்பு பச்சையாக நிற்பது இரும்புக் குறைதான்.

ஆனால் உங்கள் மண்ணில் இரும்பே இல்லை என்று எண்ண வேண்டாம். கார அமில நிலை ஒரு அலகு ஏறினால் கரைந்து நிற்கும் ஃபெரிக் இரும்பின் அளவு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. இருப்பது வேருக்கு எட்டாமல் துருவாக உறைந்து கிடக்கிறது என்பதே உண்மை நிலை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் சொன்ன பொருள்களைப் பாருங்கள். சாம்பலும் சிப்பி ஓடும் சுண்ணாம்புத் தன்மையுடையவை. அமிலத் தன்மையால் புளித்த செம்மண்ணுக்கு மருந்தாகும் அதே பொருள்கள் உங்கள் நிலத்தில் நோயை வளர்க்கும். முட்டை ஓட்டுக்கும் இறால் ஓட்டுக்கும் இது பொருந்தும். துருப்பிடித்த ஆணி ஏற்கெனவே உறைந்துபோன இரும்பு. அதைப் புதைப்பதால் இருப்பதோடு இன்னும் கொஞ்சம் சேருமே ஒழிய, வேருக்கு ஒன்றும் கிடைக்காது. மீன் முள்ளில் உள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) கார மண்ணில் எளிதில் கரையாது. கரையும் சிறிதளவும் இரும்பு கிடைப்பதற்கு உதவாது.

உடனடி நிவாரணத்துக்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி என்னும் இரும்பு சல்பேட்டு உப்பைக் கரைத்து, வெளுப்பு மறையும் வரை மாதம் ஒருமுறை இலையில் தெளியுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பது நல்லது. சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்தால் கரைசல் விரைவில் பழுப்பாகாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்னபேதியே பெரும்பாலும் எஃகைத் துலக்கும் ஆலைகளிலும் வெள்ளை நிறமி செய்யும் டைட்டானியம் ஆலைகளிலும் மிஞ்சும் துணைப்பொருள்தான். அதில் இரும்பு சுமார் 20 விழுக்காடு. கழிவிலிருந்து வந்தது என்பதால் அதைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை.

உச்சிப்புளித் தோப்பு

அலுவலர் ஐயா சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். அன்னபேதியை மண்ணில் தனியாக இட்டால் எங்கள் மணலில் சில நாள்களிலேயே துருவாகிவிடும். அதனால் நான் தேநீர்க் கடைகளில் வடிகட்டிய பின் கொட்டும் தேயிலைச் சக்கையை வாங்கிக்கொள்கிறேன். பாலும் சர்க்கரையும் கலக்காத சக்கையாகப் பார்த்து வாங்க வேண்டும், இல்லையென்றால் எறும்பும் ஈயும் மொய்க்கும். பத்துப் படி ஈரச் சக்கையில் அரைக் கிலோ அன்னபேதியைக் கரைத்து ஊற்றிப் பிசைந்தால் சற்று நேரத்தில் கலவை மை போலக் கறுத்துவிடும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து எழுதும் மை காய்ச்சிய காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இங்கும் நடப்பது அதுவே. தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பற்றிக்கொள்வதால், அது சுண்ணாம்போடு சேர்ந்து உறையாமல் வேருக்கு அருகில் நீண்ட நாள் கிடைக்கிறது. காப்பிச் சக்கையையும் தேயிலைச் சக்கையையும் இரும்போடு சேர்த்துக் கார மண்ணில் இட்டால் பயிருக்குக் கிடைக்கும் இரும்பு கூடுகிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டிருக்கிறார்கள்.

நிலம் முழுவதும் இறைக்க வேண்டாம். தூரிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சிறு குழி எடுத்து, மக்கிய தொழுவுரத்தோடு இரண்டு கைப்பிடி வைத்து மூடுங்கள். என் தோப்பின் ஊடுபயிர்க் கொடிகளில் அடுத்து வந்த கொழுந்து பச்சையாக வந்தது. ஏற்கெனவே வெளுத்த இலை முழுதாகத் தேறாது. புதுக் கொழுந்தைப் பார்த்துத்தான் பலனை அளக்க வேண்டும்.

மண்டபம் பாசிக்காரி

பாசியைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பெண்கள் பாசி எடுத்தே பிழைக்கிறோம். கரையில் தானாக ஒதுங்கியதை மட்டும் எடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே உயிரோடு வளரும் பாசி கழிவு அல்ல, மீன் குஞ்சுகள் ஒதுங்கும் இடம். ஒதுங்கிய பாசியை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி உப்பை நீக்கி, மழைக்காலத்தில் குவித்து மக்கவிட்டால் சாம்பல்சத்து (பொட்டாசியம்) நிறையக் கிடைக்கும். மணலில் ஈரமும் நிற்கும். ஆனால் அதை நம்பி இரும்புக் குறையைத் தீர்க்க முடியாது. கருவாட்டுத் தொட்டித் தண்ணீரை எந்தச் செடிக்கும் ஊற்றிவிடாதீர்கள். அந்த உப்பைக் கழுவி வெளியேற்ற நம் ஊரில் தண்ணீர் ஏது?

தங்கச்சிமடம் மல்லிகை

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. இரண்டு ஆண்டுகளாகச் சாம்பலைத் தூரில் கொட்டி வந்தது நானேதான் என்பதால், ஐயாவின் பதிலைப் படித்ததும் மனம் கனத்தது. இன்றே நிறுத்திவிட்டேன். ஒரு ஐயம் மட்டும் மீதமிருக்கிறது. துத்தநாகச் சத்துக்காகப் பழைய டார்ச் பேட்டரியை உடைத்து உள்ளிருக்கும் கரும்பொடியை இடலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், இராமநாதபுரம்

கட்டாயம் வேண்டாம், தம்பி. அந்தப் பொடியில் பெரும்பகுதி மாங்கனீசு ஆக்சைடு. பழைய பேட்டரிகளில் பாதரசமும் காட்மியமும்கூட இருக்கக்கூடும். இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு கொடுக்கும் ஆலைகளின் சாம்பலிலிருந்து துத்தநாக சல்பேட்டு எடுப்பது உண்மைதான் என்றாலும், அங்கே ஈயத்தையும் காட்மியத்தையும் நீக்கி, சட்டம் வகுத்த அளவுக்குள் இருக்கிறதா என்று சோதித்த பிறகே 21 விழுக்காடு துத்தநாகம் என்று மூட்டையில் அச்சிடுகிறார்கள். வீட்டுத் திண்ணையில் அந்தச் சோதனையைச் செய்ய வழியில்லை. ஈயம் ஒருமுறை மண்ணில் தங்கிவிட்டால் உங்கள் பேரன் காலத்திலும் அங்கேயே கிடக்கும். படகுப் பெயிண்ட் ஒட்டிய ஆணியையும் இதே காரணத்துக்காகத் தோட்டத்துக்குள் கொண்டுவராதீர்கள்.

உச்சிப்புளிக்காரர் சொன்ன முறையை முதலில் நான்கு வரிசைக்கு மட்டும் செய்து, பக்கத்து நான்கு வரிசையை அப்படியே விட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு முன் கிணற்று நீரையும் சோதனைக்குக் கொடுங்கள். நீரில் பைகார்பனேட் மிகுந்திருந்தால் எந்தச் சக்கையை இட்டாலும் வெளுப்பு திரும்பத் திரும்ப வரும். அப்படியானால் ஒரே நாளில் நிறையப் பாய்ச்சித் தேங்கவிடாமல், குறைவாகப் பல முறை பாய்ச்சுவதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.