கட்சி மாறிய அமெரிக்க மிதவாதிகள்: யார் கரை சேர்ந்தார்கள், யார் சேரவில்லை

அமெரிக்காவில் கட்சித் தாவல் தடைச் சட்டம் கிடையாது. நம் ஊரில் 1985-இல் வந்த பத்தாவது அட்டவணை போல எதுவும் அங்கே இல்லை. செனட்டர் ஒருவர் காலையில் ஒரு கட்சியிலும் மாலையில் இன்னொரு கட்சியிலும் இருக்கலாம், பதவி போகாது. அப்படியிருந்தும் கட்சி மாறிய மிதவாதிகளில் பலர் அடுத்த தேர்தலைத் தாண்டவில்லை. கொள்கை மாறியதால் தோற்றார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். என் கணக்கில் அவர்களைத் தோற்கடித்தது பிரைமரி விதி, அதாவது கட்சி வேட்பாளரை வாக்காளரே தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலின் விதி. எந்த வாக்காளர் முன்னால் போய் நிற்கிறோம், எந்தத் தேதிக்குள் நிற்கிறோம் என்பதைச் சரியாகப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். தெரிந்த நிகழ்வுகளை விவரத்தோடு பகிருங்கள். நான் ஆர்லன் ஸ்பெக்டரில் தொடங்குகிறேன்.

ஸ்பெக்டர் பென்சில்வேனியாவின் குடியரசுக் கட்சி செனட்டர், 1981 முதல். 2004 பிரைமரியில் பாட் டூமி என்ற தீவிர வலதுசாரியை 51-49 என்ற கணக்கில்தான் முந்தினார். பத்து லட்சத்துக்கும் மேல் விழுந்த வாக்குகளில் வித்தியாசம் 17,000 அளவு. அங்கே பிரைமரி மூடியது. அந்தக் கட்சியில் பதிவு செய்தவர் மட்டுமே அதில் வாக்களிக்க முடியும். 2008-இல் ஒபாமா-ஹிலாரி போட்டியில் வாக்களிப்பதற்காகவும் வேறு காரணங்களுக்காகவும் இரண்டு லட்சம் குடியரசுக் கட்சி வாக்காளர்கள் பதிவை மாற்றிக்கொண்டார்கள். போனவர்களில் பலர் பிலடெல்பியா புறநகர் மிதவாதிகள், அதாவது ஸ்பெக்டரின் சொந்த வாக்கு வங்கி. மிஞ்சியவர்கள் டூமி ஆட்கள். 2009 பிப்ரவரியில் 787 பில்லியன் டாலர் பொருளாதார ஊக்கத் திட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்த மூன்று குடியரசுக் கட்சி செனட்டர்களில் அவர் ஒருவர். ஒலிம்பியா ஸ்னோவும் சூசன் காலின்ஸும் மற்ற இருவர். அதன்பின் உட்கட்சியில் ஜெயிக்க வழியே இல்லை. ஏப்ரல் 28 அன்று ஜனநாயகக் கட்சிக்கு மாறினார்.

பிழை உடனே தொடங்கியது. மாறிய மறுநாளே ஒபாமாவின் பட்ஜெட் தீர்மானத்துக்கு எதிராக வாக்களித்தார். தொழிற்சங்கம் அமைப்பதை எளிதாக்கும் மசோதாவை எதிர்ப்பதில் மாற்றமில்லை என்று கட்சி மாறிய அறிக்கையிலேயே சொன்னார். குழுக்களில் யாருக்கு முன்வரிசை என்பதைத் தீர்மானிக்கும் தன் 28 ஆண்டு மூப்பு அப்படியே தொடரும் என்று பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் கொடுத்த வாய்மொழி உறுதியை நம்பியிருந்தார். மே 5 அன்று செனட் குரல் வாக்கெடுப்பில் ஒரு தீர்மானம் போட்டு, குழுக்களில் அவரை ஜனநாயகக் கட்சியின் கடைசி வரிசைக்குத் தள்ளியது. ரீட் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. மூப்பு என்பது தலைவர் கையில் இருக்கும் பொருள் இல்லை. ஒருவரை மேலே ஏற்றினால் அவருக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு உறுப்பினரும் ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னர் டிக் டர்பின் விட்டுக்கொடுத்து, நீதித் துறைக் குழுவில் குற்றம், போதைப்பொருள் துணைக்குழுத் தலைமை அவருக்குக் கிடைத்தது. அவ்வளவுதான்.

2010 மே 18 ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஜோ செஸ்டாக் 54-46 என்று அவரைத் தோற்கடித்தார். ஒபாமா, பைடன், ஆளுநர் எட் ரெண்டல் எல்லோரும் ஸ்பெக்டர் பக்கம் நின்றும் பயனில்லை. கட்சி மாறுவதால் நான் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படுவேன் என்று அவரே கேமரா முன் சொன்ன துண்டை எடுத்து செஸ்டாக் விளம்பரமாக ஓட்டினார். பிரைமரிக்கு எட்டு நாள் முன்பு ஒபாமா எலெனா கேகனை உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். அதே கேகனை ஓராண்டு முன்பு, உச்ச நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடும் சொலிசிட்டர் ஜெனரல் பதவிக்கு வேண்டாம் என்று வாக்களித்தவர் ஸ்பெக்டர். மூடிய பிரைமரி ஒன்றிலிருந்து தப்பி, இன்னொரு மூடிய பிரைமரிக்குள் போய் நின்றார். அதுதான் அடிப்படைத் தவறு.

* * *

ஸ்பெக்டரைச் சொன்னால் அவருக்கு எட்டு ஆண்டு முன்பே இதை ஒழுங்காகச் செய்து முடித்த வெர்மாண்டின் குடியரசுக் கட்சி செனட்டர் ஜிம் ஜெஃபர்ட்ஸையும் சொல்ல வேண்டும்.

2000 தேர்தலுக்குப் பின் செனட் சரியாக 50-50. துணை அதிபர் டிக் செனியின் வாக்கால் குடியரசுக் கட்சிக்குப் பெரும்பான்மை. 2001 ஜனவரியில் இரு கட்சிகளும் போட்ட அதிகாரப் பகிர்வுத் தீர்மானத்தில், ஒரு கட்சிக்குத் தெளிவான பெரும்பான்மை வந்துவிட்டால் குழுக்களைத் திருத்தி அமைக்கலாம் என்ற வகை இருந்தது. அந்த ஒரு வரியால்தான் ஒற்றை ஆள் நகர்ந்ததும் எல்லாக் குழுத் தலைமைகளும் கைமாறின. இதைக் கவனிக்காமல் பேசுபவர்கள் ஜெஃபர்ட்ஸின் பேர வலிமையைப் புரிந்துகொள்ள முடியாது.

அவர் கேட்டது ஒன்று. மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்விக்கு மத்திய அரசு தருவதாகச் சட்டத்தில் எழுதிய பங்கை முழுமையாகத் தர வேண்டும். புஷ்ஷின் 1.6 டிரில்லியன் டாலர் வரிக் குறைப்பில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. வெர்மாண்ட் ஆசிரியர் ஒருவருக்கு தேசிய விருது கொடுத்த வெள்ளை மாளிகை விழாவுக்கு, வெர்மாண்ட் செனட்டரும் கல்விக் குழுத் தலைவருமான அவரை அழைக்கவில்லை என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அது கடைசித் துரும்பு. சுமை கல்வி நிதிதான்.

மே 24 அன்று பர்லிங்டனில் அறிவித்தார். நடைமுறைக்கு வந்தது ஜூன் 6-இல், வரி மசோதா அதிபருக்குப் போன பிறகு. இந்த இடைவெளியைப் பாருங்கள். நடந்துகொண்டிருந்த வேலையை அவர் குலைக்கவில்லை, அதனால் பழிவாங்கினார் என்ற பெயர் ஒட்டவில்லை. ஜனநாயகக் கட்சியிலும் சேரவில்லை. சுயேச்சையாக நின்று அவர்களோடு அவை அமைப்புக்கு மட்டும் வாக்களித்தார். சுற்றுச்சூழல், பொதுப்பணிக் குழுவின் தலைமை அவருக்குக் கிடைத்தது. அதற்கு உரிமையுள்ள ஹாரி ரீட் தானே விட்டுக்கொடுத்தார். அதாவது பேசியது தலைவரோடு மட்டுமல்ல, இடத்தை இழக்கப்போகிறவரோடும் பேசி முடித்தார்கள். ஸ்பெக்டரிடம் இல்லாதது இதுதான்.

இன்னொன்று, வெர்மாண்டில் வாக்காளரைக் கட்சிவாரியாகப் பதிவு செய்வதே இல்லை. அடுத்த தேர்தலும் 2006-இல்தான். அவர் அதில் நிற்கவுமில்லை. யாரிடமும் போய்த் தூய்மைச் சான்று வாங்க வேண்டிய நிலை அவருக்கு வரவே இல்லை.

* * *

மாறாமலே பிழைத்த இருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்சி மாறலாமா என்று யோசிப்பவர் முதலில் பார்க்க வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. பிரைமரியில் தோற்றவர் அதே ஆண்டு நவம்பரில் சுயேச்சையாக வாக்குச்சீட்டில் இடம்பெற முடியாது என்று பெரும்பாலான மாநிலங்களில் ஏதோ ஒரு வழியில் தடை இருக்கிறது. சில இடங்களில் நேரடித் தடை. சில இடங்களில் சுயேச்சைக்கான கெடு பிரைமரிக்கு முன்பே முடிந்துவிடும். பலன் ஒன்றுதான்.

கனெக்டிகட்டில் அந்தத் தடை இல்லை. ஈராக் போரை ஆதரித்ததற்காக அந்த மாநிலத்தின் ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜோ லீபர்மனை 2006 ஆகஸ்ட் 8 பிரைமரியில் நெட் லாமண்ட் 52-48 என்று வீழ்த்தினார். சுயேச்சை மனுவுக்கு 7,500 கையொப்பம் வேண்டும், கெடு மறுநாள். ஒரே இரவில் 7,500 கையொப்பம் வாங்க முடியாது. ஜூலை 3 அன்றே அவர் கையொப்பம் திரட்டப்போவதாக அறிவித்துவிட்டார். பிரைமரியில் இருந்துகொண்டே தோல்விக்கு ஏற்பாடு செய்கிறார் என்று சொந்தக் கட்சியினர் கொதித்தார்கள், பிரைமரியில் சில வாக்குகளும் போயிருக்கும். ஆனால் அந்தத் தாள்கள் கையில் இல்லாவிட்டால் ஆகஸ்ட் 9-ஆம் தேதியோடு அவர் அரசியல் முடிந்திருக்கும். நவம்பரில் லீபர்மன் 50 சதவீதத்தை ஒட்டி, லாமண்ட் 40, குடியரசுக் கட்சி வேட்பாளர் 10-க்கும் கீழே. குடியரசுக் கட்சி வாக்காளர்கள் மொத்தமாக லீபர்மன் பக்கம் வந்தார்கள். அவர்களுடைய வேட்பாளர் பலவீனமாக இருந்தது பெரிய காரணம். இது இல்லாமல் மூன்றுமுனைப் போட்டியில் நடுவில் நிற்பவர் நசுங்குவார்.

அலாஸ்காவின் குடியரசுக் கட்சி செனட்டர் லிசா முர்கோவ்ஸ்கிக்கு அந்த வழியும் அடைபட்டிருந்தது. 2010 ஆகஸ்ட் 24 பிரைமரியில் தேநீர்க் கட்சி என்ற தீவிர வலதுசாரி இயக்கத்தின் ஆதரவு பெற்ற ஜோ மில்லரிடம் சுமார் 2,000 வாக்கில் தோற்றார். மிச்சமிருந்தது வாக்காளரே பெயரை எழுதிப் போடும் முறை. வட்டத்தை நிரப்பவும் வேண்டும், பக்கத்தில் பெயரை எழுதவும் வேண்டும். வட்டத்தை நிரப்பாவிட்டால் பெயரை எழுதியும் பயனில்லை. எழுத்துக்கூட்டுவதற்குக் கடினமான பெயர் என்பதால் பெயர் அச்சிட்ட கைப்பட்டைகளைக் கொடுத்தார்கள், எழுத்துக்கூட்டும் விளம்பரம் ஓட்டினார்கள். வித்தியாசம் சுமார் 10,000 வாக்கு. எழுத்துப் பிழை என்று மில்லர் தரப்பு ஆட்சேபித்த சீட்டுகள் 8,000 சுற்று. அவற்றை எல்லாம் தள்ளினாலும் 2,000-க்கு மேல் முன்னிலை இருந்தது. வாக்காளரின் நோக்கம் தெரிந்தால் போதும் என்று மாநில உச்ச நீதிமன்றமும் டிசம்பரில் சொன்னது. 1954-இல் ஸ்ட்ராம் தர்மண்டுக்குப் பிறகு செனட்டுக்கு இப்படி ஜெயித்தவர் அவர்தான்.

அலாஸ்கா 2020-இல் பிரைமரி முறையையே மாற்றியது. எல்லாக் கட்சி வேட்பாளரும் ஒரே சீட்டில், முதல் நால்வர் நவம்பருக்கு, அங்கே வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் விருப்ப வரிசை வாக்கு. 2021-இல் மாநிலக் கட்சி அவர்மேல் கண்டனத் தீர்மானம் போட்டும் 2022-இல் அதே கட்சிப் பெயரோடு ஜெயித்தார். வாசலை அகலப்படுத்தினால் யாரும் வீடு மாற வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

* * *

சார், எதிர்த்திசையில் போனவர்களை விட்டுவிட்டீர்கள். பார்க்கர் கிரிஃபித், அலபாமா 5-ஆம் தொகுதி. 2008-இல் ஜனநாயகக் கட்சியில் ஜெயித்து, 2009 டிசம்பர் 22 அன்று குடியரசுக் கட்சிக்குப் போனார். அலுவலக ஊழியர்கள் கூண்டோடு விலகினார்கள். தேசியத் தலைமை ஆதரவு தந்தது. 2010 ஜூன் 1 பிரைமரியில் மோ புரூக்ஸ் 51 சதவீதம் வாங்க, இவர் 33-இல் நின்றார். மாறியதற்கும் வாக்கெடுப்புக்கும் நடுவே ஐந்தே மாதம். அதற்குள் அங்கே களத்தில் இருந்தவர்கள் ஏற்கெனவே ஆள் சேர்த்துவிட்டார்கள்.

நியூ ஜெர்சியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜெஃப் வான் டுரூ 2019 டிசம்பரில் அதே திசையில் போய் 2020-இல் ஜெயித்தார். அவர் மாறியது டிரம்ப் மீதான பதவி நீக்கத் தீர்மானத்தை எதிர்த்து. அறிவித்த இடம் அதிபரின் அலுவலகம், டிரம்ப் பக்கத்தில். பிரைமரி வாக்காளர் யாருடைய சொல்லைக் கேட்பாரோ, அவருடைய ஆதரவை முதல் நாளே வாங்கிவிட்டார். கிரிஃபித்துக்குக் கிடைத்தது கட்சிக் குழுவின் ஆதரவு, அதை வாக்காளர் மதிக்கவில்லை. ஸ்பெக்டருக்கு அதிபர் ஆதரவு இருந்தும் தோற்றாரே என்று கேட்பீர்கள். அவர் கட்சி மாறும் வரை அந்தக் கட்சியை எதிர்த்து வாக்களித்த சுவடுகள் நிறைய. வான் டுரூ மாறிய கணமே முழுவதுமாக மாறினார். ஆனால் அப்போது அவரை மிதவாதி என்று எதை வைத்துச் சொல்வது?

* * *

நேர்மையாகச் செய்தவர் ஃபில் கிராம். டெக்சாஸிலிருந்து பிரதிநிதிகள் சபைக்கு வந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர், ரீகன் பட்ஜெட்டுக்கு உதவியதால் 1983 ஜனவரியில் பட்ஜெட் குழுவிலிருந்து கழற்றிவிட்டார்கள். உடனே பதவியை ராஜினாமா செய்தார். பிப்ரவரி 12 இடைத்தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்று அதே இடத்தை ஜெயித்தார். அடுத்த ஆண்டு செனட்டர். ஏமாற்றினார் என்று தொகுதியில் யாரும் சொல்ல முடியாமல் போயிற்று. இதை ஏன் மற்றவர்கள் பின்பற்றவில்லை என்றால், பிரதிநிதிகள் சபை இடம் காலியானால் இடைத்தேர்தல் நடந்தே தீர வேண்டும். செனட் இடம் அப்படியில்லை, பெரும்பாலான மாநிலங்களில் ஆளுநர் ஒருவரை நியமித்துவிடுவார்.

* * *

சார்லி கிறிஸ்ட் பற்றி ஒரு வரி. புளோரிடாவின் குடியரசுக் கட்சி ஆளுநராக இருந்தபோது, ஊக்கத் திட்டத்துக்காக 2009 பிப்ரவரியில் ஃபோர்ட் மையர்ஸ் மேடையில் ஒபாமாவை அணைத்த படம், செனட் பிரைமரியில் அவரை எதிர்த்த மார்கோ ரூபியோவுக்கு ஆயுதமானது. மனு கெடுவுக்கு ஒரு நாள் முன்பு, 2010 ஏப்ரல் 29 அன்று, சுயேச்சையாகிறேன் என்றார். நவம்பரில் ரூபியோ 49, கிறிஸ்ட் 30, ஜனநாயகக் கட்சியின் மீக் 20. எதிர்க்கட்சி வேட்பாளர் பலவீனமாக இல்லாவிட்டால் லீபர்மன் கணக்கு வேலை செய்யாது. அதற்கடுத்த ஆண்டு புளோரிடா சட்டத்தை இறுக்கிவிட்டது. மனு செய்வதற்கு முந்தைய 365 நாளும் வேறு கட்சியில் இருந்திருக்கக் கூடாது. இனி அங்கே கடைசி வாரத்தில் கட்சி மாறி இன்னொரு கட்சிச் சின்னத்தில் நிற்க வழியில்லை.

* * *

அண்மைய நிகழ்வு ஒன்று. அரிசோனாவின் ஜனநாயகக் கட்சி செனட்டர் கிர்ஸ்டன் சினிமா 2022 டிசம்பர் 9 அன்று சுயேச்சையானார். மூன்று நாள் முன்புதான் ஜார்ஜியா மறுதேர்தலில் வார்னாக் ஜெயித்து ஜனநாயகக் கட்சிக்கு 51 இடம் வந்தது. தேதியைத் தேர்ந்தெடுத்த விதத்தில் குறை இல்லை. அவர் விலகியதால் அவையின் கட்டுப்பாடு குலையவில்லை, குழு இடங்களும் பறிபோகவில்லை. ரூபன் காலேகோவோடு மோத வேண்டிய ஜனநாயகக் கட்சி பிரைமரியையும் தாண்டிவிட்டார்.

தாண்டிய பின் எதிரே இருந்தது கையொப்பம். அரிசோனாவில் சுயேச்சை செனட் வேட்பாளருக்கு 40,000-க்கும் மேல் வேண்டும், கட்சி வேட்பாளரைவிடப் பல மடங்கு. செல்லாதவை கழியும் என்பதால் அதைவிடக் கணிசமாகக் கூடுதலாகத் திரட்டியாக வேண்டும். ஊதியத்துக்கு ஆள் வைத்துத்தான் முடியும். 2024 ஏப்ரல் தொடக்கத்தில் கெடு. மார்ச் 5 அன்று போட்டியிடவில்லை என்று அறிவித்தார். பணம் கையில் இருந்தது. வீடு வீடாகத் தாள் நீட்டுவதற்குத் தன் கட்சிக்காரர் என்று ஒருவரும் மிஞ்சவில்லை.

ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜோ மான்சின் 2024 மே 31 அன்று மேற்கு வர்ஜீனியாவில் சுயேச்சையாகப் பதிவு செய்தபோதும், தேர்தலில் சுயேச்சையாக நிற்பாரா என்ற கேள்வி எழுந்தது. ஆகஸ்ட் 1 வரை நேரம் இருந்தது. அவர் நிற்கவில்லை.