பழைய ஸ்போர்ட்ஃபிஷிங் படகு வாங்கி அதுலயே குடியிருக்கலாமா? பெர்ட்ராம் 37 பத்தி கருத்து வேணும்

திருவொற்றியூர் சீஃப்

எல்லாருக்கும் வணக்கம். கப்பல்ல சீஃப் இன்ஜினியரா இருக்கேன், சீக்கிரம் ரிட்டயர்மென்ட். பிள்ளைங்க வெளியூர்ல செட்டில் ஆயிட்டாங்க. வீட்டை வாடகைக்கு விட்டுட்டு, நானும் வீட்டுக்காரம்மாவும் நிரந்தரமா படகுலயே இருக்கிறதுன்னு பேசி முடிவெடுத்திருக்கோம்.

மலேசியாவோட லங்காவித் தீவுல ஒரு படகு விலைக்கு வந்திருக்கு. 1980கள் கடைசில கட்டின பெர்ட்ராம் 37, கன்வெர்ட்டிபிள் மாடல், அதாவது வேகமா ஓடி மீன் பிடிக்கக் கட்டின ஸ்போர்ட்ஃபிஷர். ரெண்டு டெட்ராய்ட் டீசல் 6வி92, ஒவ்வொண்ணும் 450 குதிரைத்திறன். ரெண்டு கேபின், ஒரு டாய்லெட், மேல படகை ஓட்டற ஃப்ளைபிரிட்ஜ் தளம், பின்பக்கம் மீன் பிடிக்கிறதுக்கு காக்பிட்னு சொல்ற பெரிய திறந்த தளம். விலை நம்ம கைக்கு எட்டுது. சென்னைக்குக் கொண்டுவந்து காசிமேடு, எண்ணூர் பக்கம் எங்கயாவது கட்டி வச்சுக்கலாம்னு யோசனை.

குடியிருக்க இந்த மாதிரிப் படகு சரியா வருமா? இல்ல, டிராலர் யாட்டுன்னு சொல்ற மெதுவா போற படகைத் தேடணுமா? மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க.

காசிமேடு ஃபைபர்

சீஃப் அண்ணா, எந்தப் படகுன்றது அப்பால. எங்க கட்டப் போறீங்கோ? அத்த மொதல்ல சொல்லுங்கோ.

நான் காசிமேட்ல ஃபைபர் வேலை பாக்குறவன். இங்க லாஞ்சு கட்டவே எடம் பத்தல. ஒண்ண ஒண்ணு அணைச்சித்தான் நிக்கிது, நாலு படகு தாண்டித்தான் கரைக்கே வரணும். ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் அத்தினி லாஞ்சும் உள்ளாரதான் கெடக்கும். 2022 டிசம்பர்ல மாண்டஸ் புயல் வந்தப்போ, கட்டி வச்ச படகுங்களே ஒண்ணோட ஒண்ணு மோதி ஒடஞ்சி மூழ்கிச்சி. உங்க பெர்ட்ராமுல கண்ணாடியும் ரெயிலிங்கும்தான் ஜாஸ்தி. நம்ம லாஞ்சுங்க நடுவுல ஒரு வாடைக்காத்துக்கு அது தாங்காது.

இன்னொண்ணு. இது மீன்பிடித் துறைமுகம். மீன்வளத்துறைல பதிவு பண்ண மீன்பிடிப் படகுக்குத்தான் இங்க எடம். குடித்தனம் பண்ற படகுக்கு எவனும் கயிறு வாங்கிக் கட்ட மாட்டான்.

ராயபுரம் ரேடியோ ஆபீசர்

சீஃப் சார், நானும் கப்பல்ல இருந்தவன்தான், அதனால கணக்கோட பேசறேன்.

அந்தப் படகுக்கு டேங்க் கிட்டத்தட்ட 1,800 லிட்டர். ஓட வேண்டிய வேகத்துல, அதாவது இருபது நாட்டுக்கு (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) மேல ஓட்டினா, ரெண்டு இன்ஜினும் சேர்ந்து மணிக்கு 130லிருந்து 150 லிட்டர் குடிக்கும். சென்னை பங்க் விலை லிட்டர் 90 ரூபாய்க்கு மேல. ஒரு மணி நேரச் செலவை நீங்களே பெருக்கிப் பாருங்க. மெதுவா 8 நாட்ல போனா மணிக்கு 30 லிட்டர்னு வச்சுக்குவோம். அறுபது மணி நேரம், 480 கடல் மைல், டேங்க் காலி. வழியில இருக்கிற அந்தமான் போர்ட் பிளேர்லேருந்து (இப்ப ஸ்ரீ விஜயபுரம்) சென்னைக்கே 700 கடல் மைலுக்கு மேல இருக்கு. சொந்த பலத்துல அது சென்னை வந்து சேராது. சரக்குக் கப்பல் டெக்ல ஏத்திதான் கொண்டுவரணும். வந்தப்புறம் சுங்க வரி தனி, ஜிஎஸ்டி தனி. 2025 செப்டம்பர்ல சொகுசுப் படகுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 40 சதவீதம் ஆயிடுச்சு.

இதுவே கிராண்ட் பேங்க்ஸ் 42ன்னா, ரெண்டு ஃபோர்டு லேமன் 120 குதிரைத்திறன் இன்ஜின். 7 நாட்ல மணிக்கு 15 லிட்டர். டேங்க் 2,200 லிட்டருக்கு மேல. ஆயிரம் கடல் மைல் போகலாம். வீடு வேணும்னா வீடு மாதிரி கட்டினதை வாங்குங்க. மீனைத் துரத்தக் கட்டினதை வாங்கிட்டு அதுக்குள்ள வீட்டைத் தேடாதீங்க.

தண்டையார்பேட்டை டு லங்காவி

ரேடியோ சார் சொன்ன கணக்குல தப்பில்ல. ஆனா குடியிருக்கிறவனுக்கு அந்தக் கணக்கு எதுக்கு? நான் பிறந்தது தண்டையார்பேட்டை, இப்ப லங்காவி போட்யார்டுல வேலை. இங்க படகுலயே குடியிருக்கிறவங்களை தினம் பாக்கறேன். வருஷத்துல பெரும்பாலான நாள் மரினால, அதாவது படகு நிறுத்தற துறையில, கட்டியே கெடப்பாங்க. இன்ஜின் ஓடினாத்தானே டீசல்?

டீசல் அதிகம் குடிக்கும்னு எல்லாரும் பயப்படறதாலதான் பழைய ஸ்போர்ட்ஃபிஷர் விலை இறங்குது. அதே காசுக்கு இந்தக் கட்டுமானம் வேற எதுலயும் கிடைக்காது. பெர்ட்ராம் கம்பெனி பிறந்த கதையே அலையிலதான். ரே ஹன்ட் வரைஞ்ச ஆழமான வி வடிவ அடிப்பாகம், 1960ல மயாமி நஸ்ஸாவ் ரேஸ்ல கடல் கொந்தளிப்பா இருந்தப்ப ஜெயிச்சுது. ஜெயிச்ச அந்த ‘மாப்பி’ங்கிற படகை வச்சுத்தான் அடுத்த வருஷம் பெர்ட்ராம் 31 வந்துச்சு. இந்த 37 அந்தப் பரம்பரை.

மலாக்கா ஜலசந்திப் பக்கம் சுமத்ரான்னு ஒரு திடீர்க் காத்து வரும், இருட்டிக்கிட்டு வந்து அடிச்சுட்டுப் போயிடும். வானத்தைப் பார்த்துட்டு இருபது நாட்ல ஓடி ஒதுங்க முடியறதுக்கும், 7 நாட்ல அதை முகத்துல வாங்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

எண்ணூர் கழிமுகம்

அண்ணா, எண்ணூர்ல கட்டலாம்னு எழுதியிருக்கீங்க, அதனால நான் பேசியே ஆகணும். இந்த ஊர்ப் பொண்ணு நான். முகத்துவாரம் மண் மூடிக் கெடக்கு, கொசஸ்தலை ஆத்துல அனல்மின் நிலையச் சாம்பல் படிஞ்சு ஆழமே போயிடுச்சு. உங்க படகுக்கு நாலடி ஆழம் வேணும். பழவேற்காடு ஏரியும் ஆகாது, சராசரி ஆழமே ஒரு மீட்டர்தான்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து வந்ததை மறந்துடாதீங்க. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாத்துலயும் கறுப்பா ஒட்டிக்கிச்சு, எங்க ஆளுங்க வெறுங்கையால அள்ளினாங்க. உங்க ஏசியும் ஜெனரேட்டரும் கடல் தண்ணியை உறிஞ்சித்தானே குளிரும்? அந்தத் தண்ணியையா உள்ள இழுக்கப் போறீங்க? இங்க மீன்பிடிக்கிறவங்களே தொழிலுக்கு வழியில்லாம நிக்கறாங்க.

அண்ணிக்கு என்ன விருப்பம்னு யாரும் கேக்கலையே. ஃப்ளைபிரிட்ஜுக்குப் போற ஏணி நெட்டுக்குத்தா இருக்குமே, முட்டி வலி வந்தா? ரெண்டு படி கீழ இறங்கி சமைக்கணும். நாலு பேர் வந்தா ஒரே டாய்லெட். தண்ணி டேங்க் 400 லிட்டர் கூட வராதே? மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தோட நின்ன எங்களுக்கு 400 லிட்டர் எத்தனை நாள் வரும்னு தெரியும்.

திருவொற்றியூர் சீஃப்

காசிமேடு தம்பி, எண்ணூர் தங்கச்சி, ரெண்டு பேருக்கும் நன்றி. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911லிருந்து துறைமுகத்துக்குள்ள இருக்கே, அங்க ஏதாவது வழி உண்டா?

வீட்டுக்காரம்மாவை விட்டுட்டு நான் எதுவும் தீர்மானிக்கல. போட்டோவைப் பார்த்ததும் அவங்களுக்குப் பிடிச்சதே காக்பிட்தான். தண்ணிக்கு ஒரு அடி மேல, திண்ணையில உக்காந்த மாதிரி இருக்கும்னு சொன்னாங்க. டிராலர்ல அந்த இடம் இவ்வளவு கிடையாது. ஏணி விஷயத்தை மட்டும் அவங்களும் கேட்டாங்க.

ராயபுரம் ரேடியோ ஆபீசர்

அந்த கிளப் பாய்மரப் படகு ஓட்டறவங்களுக்கானது. துறைமுகப் பாதுகாப்பு எல்லைக்குள்ள ராத்திரி தங்கிக் குடித்தனம் பண்ற இடம் இல்லை. மரினான்னு சொல்ற மாதிரி ஒண்ணு வேணும்னா இந்தியாவுல கொச்சி போல்காட்டி இருக்கு. நம்ம கடற்கரையில இல்ல.

லங்காவித் தம்பிக்கு ஒரு பதில். கட்டியே கெடக்கிற படகுக்கு 900 குதிரைத்திறன் எதுக்கு? ஓடாத ரெண்டு டெட்ராய்டையும் நீ பராமரிச்சுத்தான் ஆகணும். ஹீட் எக்ஸ்சேஞ்சர், ஆஃப்டர்கூலர், கியர்பாக்ஸ், எல்லாமே ரெண்டு செட். சும்மா நிக்கற இன்ஜினை உப்புக் காத்து விட்டு வைக்காது. டெட்ராய்ட் மாதிரி டூ ஸ்ட்ரோக் இன்ஜினை நாள் முழுக்க மெதுவா ஓட்டினாலும் சூடு ஏறாம எக்ஸாஸ்ட்ல எண்ணெய் ஒழுகும். அதாவது அந்தப் படகை மெதுவாவும் நிம்மதியா ஓட்ட முடியாது, வேகமாவும் காசு கட்டாது.

ஆட்டத்தைப் பத்தியும் சொல்லணும். ஆழமான வி அடிப்பாகம் ஓடறப்ப அலையை வெட்டும். நங்கூரம் போட்டு நின்னா பக்கவாட்டுல உருளும். அதுக்கு மேல ஃப்ளைபிரிட்ஜ் எடை வேற.

தண்டையார்பேட்டை டு லங்காவி

கிராண்ட் பேங்க்ஸும் உருளும் சார், நங்கூரத்துல ராத்திரி இருந்து பாருங்க. பழைய கிராண்ட் பேங்க்ஸோட பெரிய தலைவலியை விட்டுட்டீங்களே. தேக்கு டெக்கை ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருப்பாங்க. ஒவ்வொரு ஸ்க்ரூ ஓட்டை வழியாவும் வருஷக்கணக்கா மழைத்தண்ணி இறங்கி, டெக்குக்கு உள்ள இருக்கிற நடு அடுக்கு (கோர்) ஊறிப் போயிருக்கும். மழை பெய்யற ஊர்ல படுக்கைக்கு மேல தண்ணி சொட்டறதை வீடுன்னு சொல்ல மாட்டாங்க. 1973க்கு முன்னாடி கட்டினதுன்னா முழுக்க மரம், அது இன்னும் பெரிய வேலை.

ஆனா ஒண்ணுல ரேடியோ சார் பக்கம்தான் நான். சென்னைக்குக் கொண்டுபோற யோசனையை விட்டுடுங்க சீஃப். படகு இருக்கிற இடத்துக்கு நீங்க வாங்க. மரினால கரண்ட், தண்ணி ரெண்டும் இருக்கு, தண்ணி டேங்க் பிரச்சினை பாதி தீரும். புயல் பாதை இங்கேருந்து வடக்கே. 2004 சுனாமி இங்க மரினாக்களையும் அடிச்சது, அதை மறைக்கல.

காசிமேடு ஃபைபர்

லங்காவிண்ணா சொல்றது சரி. ஒண்ணு மட்டும். ஸ்போர்ட்ஃபிஷருக்கு அடியில ஏரா (கீல், அடிமுதுகுக் கட்டை) கெடையாது. ரெண்டு ப்ரொப்பெல்லரும் சுக்கானும் தொங்கிக்கினு கீது. தரை தட்டுனா மொதல்ல அடிபடுறதே அதான். அத்துப்போன வலை, நைலான் கயிறு மெதக்குற தண்ணியில ரெண்டு ஷாஃப்டும் சிக்குனா கத்தியோட குதிக்கணும். டிராலருக்கு ஏரா இருந்து கொஞ்சம் காபந்து பண்ணும். இதுல நான் ரேடியோ சார் கட்சி.

திருவொற்றியூர் சீஃப்

சரி, சென்னை யோசனை முடிஞ்சது. எண்ணூர் தங்கச்சி எழுதினதுக்கப்புறம் அதைப் பத்திப் பேச ஒண்ணுமில்ல. வாங்கினா லங்காவிலயே இருப்போம்.

டிராலர் வாதத்துல எனக்கு இன்னும் ஒப்புதல் இல்ல, ரேடியோ சார். ரெண்டு செட் பராமரிப்புன்னு சொல்றீங்க. வாழ்நாள் முழுக்க இன்ஜின் ரூம்லயே இருந்தவன் நான். டெட்ராய்டுக்குப் பாகம் உலகம் பூரா கிடைக்கும், எலக்ட்ரானிக்ஸ் கிடையாது, கையால பிரிச்சு மாட்டலாம். எனக்கு அந்த வேலை வேணும். ரிட்டயர் ஆகி சும்மா உக்காரவா படகு வாங்கறேன்?

என்னை உண்மையிலேயே யோசிக்க வைக்கறது கரண்ட்தான். அமெரிக்காவுல கட்டின படகு, 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். மரினால 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாத்தாது. ஏசி கம்ப்ரசரும் பம்ப் மோட்டாரும் 50ல மெதுவா ஓடி சூடாகும். மாத்தியிருக்காங்களா, ஏதாவது கன்வெர்ட்டர் வச்சு ஒப்பேத்தியிருக்காங்களா?

ராயபுரம் ரேடியோ ஆபீசர்

வேலை வேணும்னா வேற பேச்சு, சீஃப். அப்ப உங்களைத் தடுக்க மாட்டேன். ஆனா வீட்டுக்காரம்மா கயிறு கட்ட முன்னாடி அணியத்துக்குப் போகணுமே, அந்தப் பக்கவாட்டு டெக் ஒரு பாதம் வைக்கற அகலம். கிராண்ட் பேங்க்ஸ்ல சுத்திவர நடக்கலாம், கைப்பிடி இருக்கு. இதை மட்டும் அவங்களை நேர்ல கூட்டிட்டுப் போய் நடக்கச் சொல்லிப் பார்த்துட்டு அப்புறம் பணம் கட்டுங்க.

தண்டையார்பேட்டை டு லங்காவி

கரண்ட் விஷயத்தை நேர்ல பார்த்துச் சொல்றேன் சீஃப். நீங்க வர்றப்ப, படகைச் சோதிச்சு ரிப்போர்ட் குடுக்கிற சர்வேயரை விற்கிறவர் சொல்ற ஆளா வைக்காதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் சொல்றேன்: 6வி92ல பக்கவாட்டு ஏர்பாக்ஸ் மூடியைக் கழட்டி டார்ச் அடிங்க, லைனர் போர்ட் வழியா பிஸ்டனும் ரிங்கும் கண்ணுக்கே தெரியும். சிலிண்டர் ஹெட்டைக் கழட்ட வேண்டாம். கடல்ல ஓட்டறப்ப முழு த்ராட்டில்ல 2,300 ஆர்பிஎம் வரணும், வராம திணறினா விலை பேசறதையே நிறுத்துங்க. ரெண்டு இன்ஜின், ரெண்டு கியர்பாக்ஸ், ஜெனரேட்டர், எல்லாத்துக்கும் எண்ணெய் சாம்பிள் தனித்தனி பாட்டில்ல எடுத்து லேபுக்கு அனுப்புங்க. எந்த எண்ணெய் ஊத்தறாங்கன்னும் கேளுங்க. இந்த டூ ஸ்ட்ரோக்குக்கு சிங்கிள் கிரேடு 40தான், மல்டிகிரேடுன்னு சொன்னா பராமரிச்ச லட்சணம் தெரிஞ்சுடும்.

இன்சூரன்ஸ்காரங்க இத்தனை வயசுப் படகுன்னா சர்வே ரிப்போர்ட் இல்லாம பேசவே மாட்டாங்க, அதையும் முன்னாடியே கேட்டுடுங்க.

காசிமேடு ஃபைபர்

சீஃப் அண்ணா, படகத் தண்ணிலருந்து தூக்குற அன்னிக்கே நீங்க அங்க இருக்கணும். அடிப்பக்கம் காயறதுக்கு முன்னாடி பாருங்கோ, கொப்புளம் ஈரத்துலதான் நல்லாத் தெரியும். ஒண்ண ஊசியால குத்தி மோந்து பாருங்கோ. வினிகர் நெடி வந்துச்சின்னா லேமினேட்டுக்குள்ள, அதான் ஃபைபர் அடுக்குக்குள்ள, தண்ணி பூந்துட்டுது. அடியில மட்டும் நின்னுடாதீங்கோ, டெக் முழுக்க, காக்பிட் மூலை, ஜன்னல் கீழ எல்லாம் சின்ன சுத்தியால தட்டிக்கினே வாங்கோ. கணீர்னு வராம தொம்முனு வந்தா அந்த எடத்துல சாக்பீஸ்ல வட்டம் போட்டு வையுங்கோ. போட்டோ எடுத்து இங்க போடுங்கோ, எந்த வட்டம் சின்ன வேலை, எது அறுத்துப் போட்டு கட்டணும்னு பாத்து சொல்றேன்.