பிரெஞ்சையே தொடரலாமா, புதிதாக ஜப்பானியம் எடுக்கலாமா?

நிலாமுற்றம்:
ஐபி டிப்ளமோவுக்கு (பள்ளியின் கடைசி இரண்டு வருடத்துக்கான சர்வதேசப் பாடத்திட்டம்) பாடங்களை முடிவு செய்து சீக்கிரம் சொல்லியாக வேண்டும். இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் ஹையர் லெவல் (கூடுதல் ஆழமாகப் படிக்கும் நிலை), அதில் மாற்றமில்லை. குழப்பம் மொழியில்தான். பிரெஞ்சைச் சில வருடங்களாகப் படிக்கிறேன், மதிப்பெண் நன்றாகத்தான் வருகிறது, ஆனால் எதிரில் ஒருவர் உட்கார்ந்து பேசு என்றால் வாயே திறக்காது. ஜப்பானியத்தை அப் இனிஷியோவில், அதாவது புதிதாகக் கற்பவர்களுக்கான பிரிவில், எடுத்தால் வகுப்பில் எல்லோரும் ஆரம்பத்திலிருந்துதானே தொடங்குவார்கள், சுலபமாக இருக்கும் என்று தோன்றுகிறது. அனிமே ஆசையும் கொஞ்சம் உண்டு. படித்தவர்கள் சொல்லுங்களேன்.

ஒற்றைப்பனை:
மூன்று பெரிய பாடத்தை வைத்துக்கொண்டு மொழி எதற்கு? விட்டுத் தள்ளுங்கள். காலேஜ் போய்ப் படித்துக்கொள்ளலாம்.

கடலோடி:
ஒற்றைப்பனை, ஐபியில் அப்படி விட முடியாதுங்க, முதல் மொழியோடு இன்னொரு மொழியும் கட்டாயம்.

நிலாமுற்றம், நான் பிரெஞ்சு பி (ஏற்கெனவே கொஞ்சம் படித்தவர்களுக்கான பிரிவு), ஸ்டாண்டர்ட் லெவல் முடித்தவன். இதுவரை நீங்கள் படித்தது பெரும்பாலும் கோடிட்ட இடம் நிரப்புவது, வினைச்சொல் அட்டவணை, என் குடும்பம், என் விடுமுறை, இந்த ரகமாக இருந்திருக்கும். அதில் மதிப்பெண் வாங்குவதற்கும் பேசுவதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. கடைசி இரண்டு வருடத்தில் ஆட்டமே மாறும். ஒரு படத்தைக் கையில் கொடுப்பார்கள், தயாராக 15 நிமிடம், அப்புறம் அதை விவரித்து, பிரெஞ்சு பேசும் மக்களின் வாழ்க்கையோடு முடிச்சுப் போட்டு, ஆசிரியர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் இது 25 சதவீதம். மனப்பாடம் செய்துகொண்டு போனவர்கள் முதல் மூன்று வாக்கியம் மழையாகப் பொழிவார்கள், "நீ ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று ஒரு கேள்வி வந்ததும் முழி பிதுங்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், அப் இனிஷியோவிலும் பேச்சுத் தேர்வு உண்டு, அங்கேயும் அதே 25 சதவீதம்தான். எதற்குப் பயந்து ஓடுகிறீர்களோ அது அங்கேயும் உட்கார்ந்திருக்கும், சொல்வளம் மட்டும் இன்னும் குறைவாக இருக்கும்.

வகுப்பறை_அக்கா:
பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறவள், அதனால் பக்கச்சார்பு இருக்கலாம், கழித்துக்கொண்டு படியுங்கள். :)

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர் பணிக்குத் தேவையான அளவு பிரெஞ்சு கற்கச் சுமார் 600 முதல் 750 வகுப்பு மணி நேரம், ஜப்பானியத்துக்கு 2200. நமக்கு இந்த வித்தியாசம் கொஞ்சம் குறையும் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் ஜப்பானியத்திலும் வினை கடைசியில் வரும், நம் வேற்றுமை உருபு மாதிரி பெயருக்குப் பின்னால் ஒட்டு வரும், வாக்கியம் கட்டுவது தமிழ் தெரிந்தவருக்கு அவ்வளவு அந்நியமாக இருக்காது. எழுத்து வேறு கதை. ஹிராகனா, கட்டகனா என்ற இரண்டு ஒலியெழுத்து வரிசைகளை முடித்த பிறகு காஞ்சி என்ற சீன வழி எழுத்துகள் இருக்கின்றன, அன்றாடப் பயன்பாட்டுக்கான அதிகாரப்பூர்வப் பட்டியலிலேயே 2136. அப் இனிஷியோவுக்கு அதில் சிறு பங்குதான் வேண்டும், அதற்கும் தினசரி எழுதிப் பழக வேண்டும். வகுப்புக்கு ஒதுக்கியிருப்பதோ இரண்டு வருடத்துக்கும் சேர்த்து 150 மணி நேரம். வேதியியல் ஆய்வறிக்கை எழுதுகிற வாரத்தில் முதலில் அடிபடுவது இதுதான்.

ஆசை நிஜமாகவே இருந்தால் எடுங்கள், தடுக்கவில்லை. சுலபம் என்று நினைத்து எடுக்காதீர்கள்.

நிலாமுற்றம்:
அப்படியானால் பிரெஞ்சுதான் போலிருக்கிறது. அந்தப் பேச்சு விஷயத்துக்கு என்ன செய்வது? வீட்டில் யாருக்கும் பிரெஞ்சு தெரியாது.

கடலோடி:
வீட்டில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆர்எஃப்ஐ என்ற பிரெஞ்சு சர்வதேச வானொலியில் எளிய பிரெஞ்சில் தினமும் 10 நிமிடச் செய்தி வரும், எழுத்து வடிவமும் தளத்தில் கிடைக்கும். ஒரு செய்தியை மட்டும் எடுத்து இரண்டு தடவை கேளுங்கள், அப்புறம் எழுத்து வடிவத்தோடு ஒத்துப் பாருங்கள். பிறகு எல்லாவற்றையும் மூடிவிட்டு அதையே உங்கள் வார்த்தையில் ஒரு நிமிடம் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். திரும்பக் கேட்க ஆரம்பத்தில் கூச்சமாகத்தான் இருக்கும். எங்கே திணறினீர்களோ அந்த இடம் மட்டும் குறித்துக்கொண்டால் போதும், இலக்கணப் புத்தகத்தில் அன்று படிக்க வேண்டியது அதுதான். செய்தியைச் சொல்ல வந்துவிட்டால் கடைசியில் "எனக்கு இது சரியாகப் படவில்லை, ஏனென்றால்..." என்று ஒரு வாக்கியம் சேருங்கள், தேர்வில் கேட்பதே அந்த "ஏனென்றால்" பகுதியைத்தான்.

நிலாமுற்றம்:
நன்றி, இது செய்யக்கூடியதாக இருக்கிறது. டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வை எழுதினால் ஐபி மதிப்பெண்ணில் சேருமா?

வகுப்பறை_அக்கா:
சேராது, அது தனிச் சான்றிதழ். 100க்கு 50, அதோடு நான்கு பகுதியிலும் 25க்கு 5-ஆவது எடுத்தால் தேர்ச்சி, காலாவதியும் ஆகாது. உங்களுக்கு முதல் வருடம் முடியும்போது அதில் பி1 என்ற இடைநிலை சரியாக இருக்கும். அதற்கு அடுத்த நிலையான பி2-வில் ஒரு கருத்தை எடுத்து வாதாட வேண்டும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒற்றைப்பனை:
கட்டாயம் என்று தெரியாமல் சொல்லிவிட்டேன். ஆனால் ஹையர் லெவல் பிரெஞ்சுக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள், அங்கே இரண்டு இலக்கிய நூல் வேறு படிக்க வேண்டுமாம்.